ஊற்றுப் பை

வெங்கக்கல்பாளையத்தில் எட்டு மாதமாக ஒரு பொட்டு மழை இல்லாத வைகாசியில், பெண்கள் தையல் சங்கத்துக் கூடத்தில் இஸ்திரி மேசைக்கு மேலே கொக்கியில் மாட்டியிருந்த ஒரு தோள்பைக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியது. குளிர்ந்த, தெளிந்த, தொண்டையில் இனித்து இறங்குகிற தண்ணீர். அதை ஊரே குடித்தது, ஊரின் ஆடுமாடு குடித்தது, வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட இரண்டு சொம்பு குடித்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமலேயே பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். குடிக்காதவள் ஒருத்திதான். அவள் பெயர் ரங்கநாயகி, அந்தப் பையைத் தைத்தவளும் அவள்தான். ஆனால் பைக்குள் இருந்த அட்டையில் பூங்கோதை என்று எழுதியிருந்தது, அந்த அட்டையை அங்கே வைத்தவளும் ரங்கநாயகிதான். இந்த மூன்றையும் சேர்த்து நெஞ்சில் சுமந்துகொண்டு ஒரு மனுஷி சோறு தின்று, தூங்கி எழுந்து, தினமும் வேலைக்கும் வந்து போவதென்றால் அது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த ஊரில் தண்ணீரே இல்லையென்று சொல்ல முடியாது. ஆறு இருந்தது, ஆற்றில் மேற்கேயிருந்து சாயம் வந்தது, திங்கட்கிழமை ஊதாவாகவும் வியாழக்கிழமை பச்சையாகவும் நகர்ந்த அதை மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஆழ்குழாயில் வந்தது உப்பு. அந்த உப்பில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலை குளித்தால் மயிர் தேங்காய் நாராகும். இப்படிப்பட்ட ஊரில் பதினோரு வருஷமாக நடந்துவந்த தையல் சங்கத்தின் பைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போயின. அங்கே வாங்குகிறவர்கள் நியாயம் பார்க்கிறவர்கள். தைக்கிறவளுக்கு ஒழுங்கான கூலி உண்டா, முதுகு சாய நாற்காலி உண்டா, காற்று வருகிறதா என்றெல்லாம் கேட்பார்கள், அதோடு ஒவ்வொரு பைக்குள்ளும் அதைத் தைத்தவள் தன் கையால் தன் பெயரை எழுதிய அட்டை இருக்க வேண்டும் என்பார்கள். பெயர் எழுதுவதற்காகவே எழுத்துப் படித்தவர்கள் அந்தக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

சங்கத்தை நடத்திய விமலா மேடத்தின் மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருந்தது. புது மாடல் வரும்போது ஆறு பேர் ஆளுக்கொரு பை தைப்பார்கள், ஆறில் எது சுத்தமோ அது அந்த ஆணியில் ஏறும். ஆர்டர் முடியும்வரை மற்ற எல்லோரும் சந்தேகம் வந்தால் தலையைத் தூக்கி அதைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். சாம்பிள் ஆணி என்பார்கள். பதினோரு வருஷமாக அதில் ரங்கநாயகியின் பை தவிர வேறெதுவும் ஏறியதில்லை. அது தன் ஆணி என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஆயுத பூஜைக்குக் கூடத்தைக் கழுவுகிற அன்று அந்த ஆணியை மட்டும் யாரையும் தொடவிடாமல் தன் முந்தானையால் துடைப்பாள்.

தை மாதத்தில் பூங்கோதை வந்தாள். முப்பது வயது. நூல் மில்லில் வேலை பார்த்தவள், குடிகாரப் புருஷனை விட்டுவிட்டு வந்து மேட்டுத்தெருவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையே யாரும் கண்டுகொள்ளவில்லை, மில்லுக்காரி என்றார்கள். கூடத்தில் ரங்கநாயகிக்கு நேர் பின்னால் இருந்த மிஷின் காலியாக இருந்ததால் அங்கே உட்கார்ந்தாள். மாசியில் டிபன் பைக்குச் சாம்பிள் தைத்தபோது விமலா மேடம் ஆறு பையையும் புரட்டிப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி மறுபடி பார்த்து, மில்லுக்காரியின் பையை எடுத்து ஆணியில் தொங்கவிட்டார். அன்றைக்கு ரங்கநாயகியின் வயிறு எரிந்தது. மத்தியானம் தின்ற கத்தரிக்காய்தான் காரணம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கத்தரிக்காய் இல்லாத நாளிலும் எரிந்தது. பூங்கோதையின் நூல் அறுவதில்லை என்பதைப் பார்த்தாள், எரிந்தது. அவள் பாபின் மாற்றுகிற நேரத்தில் தான் ஒரு மூச்சு கூட விட முடிவதில்லை என்பதைப் பார்த்தாள், எரிந்தது. அவள் சிரித்தால் விமலா மேடமும் சிரிக்கிறார், அவள் கொண்டுவரும் புளிச்சோற்றைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள், அவளுடைய மிஷின் சத்தம்கூடத் தன் மிஷினைவிட மெலிசாக இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பதற்காக ரங்கநாயகி தன் மிஷின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள், பொட்டு சரிசெய்ய என்று சொன்னாள்.

சித்திரை கடைசியில் ஆறு துண்டுத் துணி வந்தது. ஆறே துண்டு. கெட்டிக் கேன்வாஸ், செம்மண் நிறம், அதன் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கில் புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டம், வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடுகள். அந்த நாட்டின் ஆதிக்குடிப் பெண் ஒருத்தி வரைந்தது. துணியின் ஓரத்திலேயே எல்சி என்று அவள் பெயர் அச்சாகியிருந்தது. கூடவே அவளுடைய படமும் ஒரு கடிதமும் இருந்தன. படத்தில் துணித் தொப்பி போட்ட ஐம்பது வயதுப் பெண், காலடியில் ஒரு நாய், பின்னால் வெங்கக்கல்பாளையத்தைவிட மோசமான காய்ந்த பூமி. கடிதத்தை விமலா மேடம் தமிழில் சொன்னார்.

"இது என் அம்மா வழிச் சொந்தத்து இடம். வட்டம் என்பது ஊற்று, கோடு என்பது எங்கள் பெண்கள் ஊற்றைத் தேடி நடந்த வழி. இதை வரைய எனக்கு உரிமை உண்டு, பையில் தைக்கச் சம்மதமும் உண்டு. இதற்குள் இன்னொரு கதை இருக்கிறது, அது வெளியாருக்குச் சொல்லக்கூடியதில்லை, அதனால் சொல்லவில்லை. வெட்டும்போது ஊற்றின் குறுக்கே கத்தரி போடாதீர்கள்."

"அது சரிதானுங்க, சொந்தபந்தத்துச் சமாச்சாரத்த யாரு ஊருக்கெல்லாம் சொல்லுவாங்க" என்று பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். வட்டத்தின் மேல் கத்தரி படாமல் வெட்டினார்கள். பெரிய வட்டம் ஒன்று பையின் அடிப்பாகத்தில் வரும்படி அமைந்தது.

ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. ரங்கநாயகி அன்றைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, மிஷினுக்கு எண்ணெய் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஆணியை விடுவதில்லை என்று இருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது, விமலா மேடம் வந்து பூங்கோதையின் பின்னால் நின்று, "அட, இந்த மடிப்ப எப்புடி இவ்வளவு நேரா கொண்டுவந்த?" என்று கேட்கும்வரை. ரங்கநாயகி கண்ணாடியைப் பார்த்தாள். கண் கண்ணாடியில் இருந்தது, கால் மிஷினில் இருந்தது, கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. பையைத் திருப்பிப் பார்த்தபோது படம் இருக்கும் நல்ல பக்கம் உள்ளே போயிருந்தது, லைனிங் துணி வெளியே பல்லை இளித்தது. மூன்று மாதம் தையல் படித்த பெண்கூடச் செய்யாத தப்பு. முறையாகத் தைத்த பையில் அந்தப் பெரிய ஊற்று அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவள் பையில் அது உள்ளே, பையின் தரையில், வாயைப் பார்த்து மல்லாந்து கிடந்தது.

பிரித்துத் தைக்க வழியில்லை. கெட்டிக் கேன்வாஸில் ஊசி போன துளை மூடாது, பிரித்தால் சல்லடையாகத் தெரியும். ஏழாவது துண்டும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், ஆறு பைகளும் மேசைமேல் அடுக்கியிருந்தன. ரங்கநாயகி தன் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துப் பூங்கோதையின் பைக்குள் வைத்தாள், பூங்கோதையின் அட்டையை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான், இரண்டு அட்டை. பிறகு கை கழுவிக்கொண்டு போய்த் தயிர்சோறு தின்றாள். தயிர்சோறு நன்றாகவே இறங்கியது.

மறுநாள் காலையில் விமலா மேடம் ரங்கநாயகி என்று அட்டை இருந்த சுத்தமான பையை ஆணியில் ஏற்றினார். அப்புறம் பூங்கோதை என்று அட்டை இருந்த கோணல் பையைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன அம்மிணி கூத்து, உள்ளது வெளியே, வெளியது உள்ளே?" என்று திட்ட வாயெடுத்தார். பூங்கோதை எழுந்து நின்றாள், ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பை சாய்ந்து விமலா மேடத்தின் காலில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது.

முதலில் துடைத்தார்கள். பிறகு கூரையைப் பார்த்தார்கள், கூரை காய்ந்திருந்தது. பையைக் கவிழ்த்து உதறி இஸ்திரி மேசைக் கொக்கியில் காயப்போட்டார்கள். பத்து நிமிஷத்தில் அது வாய்வரை நிறைந்திருந்தது. வெளித்துணி ஒரு சொட்டு நனையவில்லை, உள்ளே செம்மண் தரையில் ஊற்று வட்டத்தின் நடுவிலிருந்து மணல் கிளம்புகிற மாதிரி புள்ளிகள் கிளம்பி அடங்கின. ஒருத்தி விரலை விட்டு நக்கினாள். "இனிக்குதுங்" என்றாள். அடுத்தவள் சொம்பு எடுத்து வந்தாள். அதற்கப்புறம் யாரும் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. தண்ணீர் இருக்கும்போது அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அந்த ஊர்ப் பழக்கமில்லை. "பூங்கோதை தெச்ச பை" என்றார்கள், "ஏ பூங்கோதை, இங்க வா கண்ணு" என்றார்கள். கூடம் முழுக்க அந்தப் பெயர் கேட்டது. எழுந்து நின்ற பூங்கோதை ஆணியைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வரிசை கூடத்தின் வாசலைத் தாண்டியது, ஒரு வாரத்தில் பஸ் நிறுத்தத்தைத் தொட்டது. தைக்கிற வேலை கெடக்கூடாதென்று காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை மொள்ளும் நேரம் என்று ஊர் கூடி வைத்தார்கள். மாரியம்மனுக்கு முதல் சொம்பு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அடுத்தது. தண்ணீர் லாரிக்காரர் பழனியப்பன் முதல் நாள் சண்டைக்கு வந்தார், இரண்டாம் நாள் கேனோடு வந்தார், அடுத்த வாரம் லாரித் தொட்டியைக் கழற்றிவிட்டுக் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்ற ஆரம்பித்தார். பருப்பு அரை அவியலில் குழைந்தது. சோப்பு நுரைத்ததைப் பார்த்து நான்கு வயசுப் பிள்ளைகள் பயந்து அழுதன, அதுவரை அவை நுரையைப் பார்த்ததில்லை. எல்லாம் நியாயமாக நடக்கிறதா என்று பார்க்க வருஷத்துக்கொரு முறை வரும் தணிக்கைக்காரர் வந்தார். தொழிலாளருக்குக் குடிநீர் எங்கிருந்து என்ற கேள்விக்குக் குழாய், கிணறு, லாரி என்பதையெல்லாம் விட்டுவிட்டு 'மற்றவை' என்பதில் கோடு போட்டு, பக்கத்தில் 'பை' என்று எழுதினார். அப்புறம் பைக்கு வார விடுமுறை உண்டா என்று கேட்டார். இல்லையென்றதும் அவர் முகம் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை யாரும் பையைத் தொடுவதில்லை, அதற்கும் ஓய்வு வேண்டுமில்லையா.

பூங்கோதைக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வந்தன, மஞ்சள் தடவி, பெயர் எழுதி. யார் தோட்டத்தில் மாங்காய் முதலில் பழுத்தாலும் அவளுக்கு வந்தது. கைராசிக்காரி என்று பிறந்த குழந்தைகளை அவள் மடியில் போட்டார்கள்.

ரங்கநாயகியின் பெயர் எழுதிய அட்டையோடு பூங்கோதையின் பை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒருவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆசைப்பட்ட ஆணி கிடைத்தது, அதில் தொங்குவது அடுத்தவள் வேலை. தன் வேலையை ஊரே தலையில் வைத்து ஆடுகிறது, அதில் இருப்பது அடுத்தவள் பெயர். அது என் பை என்று சொல்லலாம். சொன்னால் அட்டை எப்படி மாறியது என்று கேட்பார்கள். பொறாமையிலேயே கேவலமான பொறாமை தன் சொந்தக் கையைப் பார்த்துப் பொறாமைப்படுவது. அது ரங்கநாயகிக்கு வந்தது. அவள் அந்தத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்றாள்.

"பருப்பு எப்புடி வெந்திருக்குது பாரு ரங்கா, ஒரு வாய் தின்னு பாரு" என்றார் அவள் புருஷன் சென்னியப்பன். நாலு ஆடும் ரெண்டு குடமும் தவிர உலகத்தில் வேறு கவலை இல்லாத மனுஷர், தினமும் முதல் ஆளாய் வரிசையில் நின்று மொண்டு வருவார்.

"எனக்கு வேண்டாங்க மாமா. நான் போர்த் தண்ணியே குடிச்சுக்கறேன்."

"உப்பாக் கெடக்குதே."

"உப்பாவே கெடக்கட்டும். என்ற நாக்கு, என்ற உப்பு."

தனக்கென்று தனிக் குடம், தனி அடுப்பு. அவள் பருப்பு மட்டும் இரண்டு மணி நேரம் கொதித்தது. ஊரில் எல்லோர் தலைமயிரும் மினுமினுத்தபோது அவள் மயிர் மட்டும் நாராகவே கிடந்தது. கண்ணாடியில் பூங்கோதையின் பின்னல் பளபளப்பதைப் பார்த்து, என் தண்ணீரில் குளித்துவிட்டு என் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று பல்லைக் கடிப்பாள். அந்தப் பல்லிலும் கறை ஏறியிருந்தது.

ஆனி மாதம் எல்சியிடமிருந்து பதில் வந்தது. விமலா மேடம் பையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். எல்சி ஆச்சரியப்படவில்லை. "ஊற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் வரத்தான் செய்யும்" என்று எழுதியிருந்தாள். "ஆனால் எங்கள் பக்கத்தில் ஊற்றுக்குப் போனால் சும்மா மொள்ள மாட்டோம். யார், யாருடைய மகள், என்ன வேலையாக வந்தோம் என்று அதனிடம் உரக்கச் சொல்வோம். உள்பக்கமாக வைத்துத் தைத்தவள் யாரோ அவள் போய்ச் சொல்லட்டும். சொல்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் அது சலித்துப்போகும்."

நியாயமாகத்தான் பட்டது ஊருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூங்கோதைக்கு மாலை போட்டுப் பையின் முன் நிறுத்தினார்கள். "எனக்கு வேண்டாமுங்க, உட்டுருங்க" என்று அவள் பின்வாங்கினாள், கூச்சப்படுகிறாள் என்று சிரித்து முன்னால் தள்ளினார்கள். ரங்கநாயகி தன் மிஷினில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பூங்கோதைங்க. சின்னராசு மக. இந்தப் பையத் தெச்சவ. வேலையா வந்தனுங்க."

தண்ணீர் நான்கு விரல் இறங்கியது.

மறுநாளும் சொல்லச் சொன்னார்கள், இன்னும் நான்கு விரல். குரல் போதவில்லை என்றார்கள், தீட்டாக இருக்கும் என்றார்கள், குளித்து ஈரச் சேலையோடு வந்து சொல் என்றார்கள். ஐந்தாம் நாள் சொம்பு அடியில் கரகரவென்று உரசியது. சரி, இதே மாதிரி இன்னொன்று தைத்துக் கொடு என்று வேறு கேன்வாஸைக் கொடுத்தார்கள். அவள் தைத்தாள், அது வெறும் பையாக இருந்தது. ஆறாம் நாள் வரிசையில் நின்ற ஒருத்தி, "புருசன உட்டுப்போட்டு வந்தவ கைன்னா அப்புடித்தான், எத்தன நாளைக்கு நிக்கும்" என்றாள். அடுத்தவள், "மில்லுக்காரி வேணும்னே பண்றாளாட்டருக்குது" என்றாள். ஐந்து வாரமாகக் காணாமல் போயிருந்த அந்தப் பெயர் வரிசை முழுக்க ஒரு நொடியில் ஓடித் திரும்பியது. கல்யாண வீட்டுக்காரர்கள் தாங்கள் பத்திரிகை கொடுத்த பூங்கோதையின் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நடந்தார்கள்.

ரங்கநாயகிக்கு அன்று பசித்தது. பல நாள் கழித்து நன்றாகப் பசித்தது. அன்றைக்கு அட்டையை மாற்றியபோது எது நடக்க வேண்டுமென்று மாற்றினாளோ அது கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்திருந்தது. மத்தியானம் டிபன் பாத்திரத்தைத் திறந்து முதல் கவளத்தை வாயில் போட்டபோது எதிரே பூங்கோதை வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆணியில தொங்கறது என்ற பையிங்க்கா."

ரங்கநாயகி அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

"கொக்கியில தொங்கறது உங்களுது. மூலையப் பாத்தனுங்க. முடிக்கறப்ப மூணு தையல் பின்னால போயிப்போட்டு, நூல ஒரு நெல்லு நீளம் உட்டு அறுப்பீங்க. இந்தக் கூடத்துல வேற யாரும் அப்புடிச் செய்யறதில்லீங்க."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே தெரியுமுங்க. சொல்லத்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள எல்லாரும் பூங்கோதை பூங்கோதைன்னு கூப்புட்டுப்போட்டாங்க." அவள் தரையைப் பார்த்தாள். "நான் இங்க வந்து நாலு மாசம் ஆயிருந்துச்சு. அதுவரைக்கும் ஒருத்தரும் என்ற பேரச் சொன்னதில்லீங்க்கா. நீங்களுந்தான். அந்த ஆசையில வாய மூடிக்கிட்டேன். தப்புத்தான்."

ரங்கநாயகி டிபன் பாத்திரத்தை மூடினாள்.

"என்ற மேல உங்களுக்கு என்னங்க்கா அப்புடி?"

"ஒண்ணுமில்ல, போ."

"எனக்கு உங்க மேல இருந்துச்சுங்க. வந்த நாள்லருந்து. உங்க கையப் பாத்துத்தான் அந்த டிபன் பையத் தெச்சேன், பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுது. நான் சொல்லிப்போட்டேன். நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நாளைக்கு வந்து கத்தரியக் குடுத்துப்போட்டு மில்லுக்கே போறேன், அங்க யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, தொந்தரவில்ல."

அன்று சாயங்காலம் முழுக்க ரங்கநாயகி சந்தோஷமாக இருக்கப் பார்த்தாள். அவள் போய்விடுவாள், ஆணி தனக்கே தனக்கு, கேட்கவும் ஆளில்லை. மறுநாள் காலையில் மிஷினில் உட்கார்ந்ததும் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. அதில் ஒரு காலி நாற்காலி தெரிந்தது. அவள் ஒரு நீளத் தையல் போட்டாள், நேராகத்தான் வந்தது, ஆனால் அதைத் தன்னைவிட நன்றாக வேறு யார் போடுவார்கள் என்று பார்க்க ஆளில்லை. இந்த ஐந்து மாதம் தைத்த மாதிரி இதற்கு முந்திய பதினோரு வருஷத்தில் தான் ஒருநாளும் தைத்ததில்லை என்று அவளுக்குப் பட்டது. அது அவளுக்குப் பிடிக்கவேயில்லை. அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, எது எது என்று பிரிக்க முடியவில்லை.

ஒன்பதரை மணிக்குப் பூங்கோதை துணி மூட்டையோடு வந்தாள். சங்கத்துக் கத்தரியை விமலா மேடத்தின் மேசையில் வைத்தாள். வாசலில் வரிசை காலிக் குடங்களோடு நின்றது, யாரும் அவளைத் தடுக்கவில்லை. ரங்கநாயகி எழுந்தாள். நேராக இஸ்திரி மேசைக்குப் போய்ப் பையின் மூடியைத் தூக்கினாள். அடியில் ஒரு கை தண்ணீர் கிடந்தது.

"நான் ரங்கநாயகி. நாச்சிமுத்து மக. இந்தப் பையத் தெச்சவ நான்."

வரிசை முழுக்கத் தலையைத் திருப்பியது. தண்ணீர் அசையவில்லை.

"என்ன வேலையா வந்தேன்னா... வேலைக்குத்தான் வந்தேன்."

தண்ணீர் ஒரு நகம் இறங்கியது.

"சரி!" என்று ரங்கநாயகி கத்தினாள். "இவளக் கெடுக்க வந்தேன். நல்ல பக்கம் உள்ள போனது என்ற தப்பு, பழி இவ மேல போகட்டும்னு அட்டைய மாத்துனவ நான். ஆணியில இருக்கறது இவ பை. இவ நூலு அறுகறதில்ல, எனக்குப் பொறாமை. இவ சிரிச்சா மேடமும் சிரிக்கறாங்க, பொறாமை. இவ புளிச்சோறு, இவ பின்னலு, இவ மிஷின் சத்தம், எல்லாத்துக்கும் பொறாமை. நேத்து ஊரே இவளத் திட்டுச்சே, எனக்கு நல்லாப் பசிச்சுது. போதுமா? பொறாமையா வந்தேன். அதுதான் வேலை!"

வட்டத்தின் நடுவில் புள்ளிகள் கிளம்பின. தண்ணீர் ஒரு விரல் ஏறியது, ஒரு சாண் ஏறியது, பையின் வாயைத் தொட்டு வழிந்து இஸ்திரி மேசைமேல் ஓடியது. கடைசியில் லாரிக்காரர் பழனியப்பன்தான், "ஏனுங்க எல்லாரும் நின்னுட்டிருக்கறீங்க, கீழ ஊத்துது, மொள்ளுங்க" என்றார். மொண்டார்கள்.

ரங்கநாயகி சொம்பை வாங்கி முதன்முதலாகக் குடித்தாள். இத்தனை நாள் இதைக் குடிக்காமல் இருந்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

ஊர் அவளை இரண்டு வாரம் திட்டியது, திட்டிக்கொண்டே குடம் நிரப்பியது. விமலா மேடம் இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றினார், மேசையில் கிடந்த கத்தரியை எடுத்துப் பூங்கோதையின் கையில் வைத்தார். பூங்கோதை மூட்டையை அவிழ்க்கவில்லை, ஆனால் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவிழ்த்தாள். வரிசையில் எல்லோரும், "எல்லாந் தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே, பூங்கோதைக்கு எத்தனை பொறுமை" என்று பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தபோது ரங்கநாயகிக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததையெல்லாம் எல்சிக்கு எழுதினார்கள். அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: "நல்லது, அவள் தினமும் சொல்லட்டும்."

அதனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு ரங்கநாயகி பையின் முன்னால் போய் நிற்பாள், பெயர் சொல்வாள், யார் மகள் என்று சொல்வாள், அன்றைக்கு மனசில் என்ன இருக்கிறதோ அதையும் சொல்வாள். ஊருக்கு அது பழகிவிட்டது. "ரங்கக்கா சொல்லிப்போட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டிலிருந்து குடத்தை எடுப்பார்கள்.

ஆடி பிறந்தபிறகு ஒருநாள், முந்தின சாயங்காலம்தான் புது மாடலுக்குச் சாம்பிள் ஏறியிருந்தது, ரங்கநாயகி பையின் முன் நின்று பெயரைச் சொல்லி, யார் மகள் என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தினாள். ஊருக்கு முன்னால் எத்தனை நாள்தான் சொல்வது என்றிருந்தது.

"இன்னைக்கு ஒண்ணுமில்ல. மனசு சுத்தமா இருக்குது" என்றாள்.

தண்ணீர் இரண்டு விரல் இறங்கியது.

முதலில் சிரித்தவள் பூங்கோதைதான். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது, பழனியப்பன் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், சென்னியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க்கா, வெயில் ஏறுது" என்றாள் பூங்கோதை, குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு.

ரங்கநாயகி சுவரைப் பார்த்தாள். ஆணியில் பூங்கோதையின் பை.

"அந்த உள்பாக்கெட்டு மூலைய ரெட்டையா மடிச்சிருக்கறா பாரு" என்றாள் கடுகடுவென்று. "ராத்திரியெல்லாம் ரோசன பண்ணிப்போட்டேன், எப்புடி மடிச்சான்னே எனக்குத் தெரியல. வயிறு எரியுது. போதுமா?"

தண்ணீர் ஏறியது. ரங்கநாயகி முதல் சொம்பை மொண்டு பூங்கோதையின் குடத்தில் ஊற்றினாள். கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினாள், பாதி அவள் சேலையில் தெறித்தது.